ஊரை விட்டுக் கிளம்பி எத்தனை வருஷமாச்சு? – விண்கல்லிடம் கேட்ட கேள்வியின் கதை

வெளியூரில் குடியிருக்கும் நமக்கெல்லாம் இரண்டு கேள்விகள் நன்றாகப் பழக்கம். நவஜீவன் எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வந்து உட்கார்ந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடுவார்கள். "வயசு என்ன ஆகுது?" என்பது ஒன்று. "ஊரை விட்டு வந்து எத்தனை வருஷமாச்சு?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேறு வேறு. ஐம்பது வயதுக்காரர் வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருக்கும். முப்பது வயதுக்காரர் மணிநகரிலேயே பிறந்து வளர்ந்திருப்பார்.

வானத்திலிருந்து விழும் கல்லுக்கும் இதே மாதிரி இரண்டு கணக்கு உண்டு. அது உருவாகி எத்தனை வருடம் என்பது ஒரு கணக்கு. தாய்ப்பாறையிலிருந்து உடைந்து தனியே கிளம்பி எத்தனை வருடம் என்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுதான் இந்தப் பதிவு. அதில் ஒரு பெரிய விஞ்ஞானியின் இருபது வருட உழைப்பு கவிழ்ந்த கதையும் இருக்கிறது.

இதை எழுதத் தூண்டியது நம்ம குஜராத்தில் நடந்த ஒரு விஷயம். 2022 ஆகஸ்ட் 17 மாலை, வட குஜராத்தின் தியோதர் தாலுகாவில் வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. ராந்திலா கிராமத்தில் ஒரு வேப்பமரக் கிளையில் மோதி உடைந்து சிதறியது. ராவேல் கிராமத்தில் ஒரு வீட்டு முன்கட்டுத் தரையையே பதம் பார்த்தது. அகமதாபாத் பி.ஆர்.எல். (இயற்பியல் ஆய்வுக்கூடம்) விஞ்ஞானிகள் ஆராய்ந்து இது 'ஆப்ரைட்' என்கிற அபூர்வ வகை என்றார்கள். இந்தியாவில் இதற்கு முன் அந்த வகைக் கல் விழுந்தது 1852-ல், கோரக்பூர் பக்கம் பஸ்தியில். நூற்றெழுபது வருடம் கழித்து அடுத்தது!

செய்தியைப் படித்தவுடன் வீட்டில் வந்த கேள்வி: "அது எப்பப்பா அங்கிருந்து கிளம்பிச்சு?" சாதாரணக் கேள்வி மாதிரித் தோன்றினாலும், விஞ்ஞானத்துக்கு இதற்குப் பதில் சொல்ல 1950-கள் வரை ஆனது.

கதை வியன்னாவில் தொடங்குகிறது.

1912 ஆகஸ்ட் 7. விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி ஒரு பலூனில் ஏறி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போனார். கையில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகள். பூமியிலிருந்துதான் கதிர்வீச்சு வருகிறது என்றால் மேலே போகப் போகக் குறைய வேண்டும் இல்லையா? குறையவில்லை, கூடியது. அப்படியானால் ஏதோ ஒன்று மேலிருந்து வருகிறது. அதுதான் காஸ்மிக் கதிர். பேரைக் கேட்டு ஏதோ வெளிச்சம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் புரோட்டான்கள்தான், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் விண்வெளியில் பறந்துகொண்டிருப்பவை. ஹெஸ்ஸுக்கு 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெஸ் வேலை பார்த்தது வியன்னா ரேடியம் ஆய்வுக்கூடத்தில். அதே சமயத்தில் அதே கூடத்தில் இன்னொரு இளைஞரும் இருந்தார். பெயர் ஃபிரீட்ரிக் பானெத், வேதியியல்காரர். ஹெஸ் கண்டுபிடித்த கதிர்கள் பிற்காலத்தில் தன்னுடைய கணக்கைத்தான் கவிழ்க்கப் போகின்றன என்று பானெத்துக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பானெத்தின் கைத்திறமை ஹீலியத்தை அளப்பது. ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், ஸெனான். பள்ளியில் படித்த தனிம அட்டவணையின் வலது ஓரத்தில் நிற்குமே, அந்த மந்த வாயுக்கள். யாரோடும் சேராது, யாரோடும் சண்டை போடாது. கல் உருகிக் கொதித்த காலத்திலேயே இந்த வாயுக்கள் பெரும்பாலும் ஓடிப்போய்விடும். அதனால் கல்லுக்குள் இவை கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். அதுதான் வசதியே. நிறைந்த உண்டியலில் ஒரு ரூபாய் போட்டால் யாருக்குத் தெரியும்? காலி உண்டியலில் போட்டால் சத்தமே வேறு.

யுரேனியம், தோரியம் இரண்டும் சிதையும்போது ஹீலியம் உண்டாகும். கல்லில் எவ்வளவு யுரேனியம், தோரியம் இருக்கிறது, எவ்வளவு ஹீலியம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கல்லின் வயது வந்துவிடும். இதுதான் பானெத்தின் திட்டம். இரும்பு விண்கற்களை எடுத்துக்கொண்டார். இரும்பு ஹீலியத்தை வெளியே விடாமல் இறுகப் பிடித்து வைத்திருக்கும் என்பது ஒரு காரணம். அதில் யுரேனியம் மிக மிகக் குறைவு, ஹீலியமும் அப்படியே. மற்றவர்கள் கைவைக்கப் பயப்படும் வேலை. பானெத்துக்கு அதுதான் பிடித்த வேலை.

நடுவில் வாழ்க்கை புரண்டது. யூத வம்சாவளி. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது பானெத் சொற்பொழிவுகளுக்காக இங்கிலாந்தில் இருந்தார். அப்போது ஜெர்மனியின் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். திரும்பிப் போகவில்லை. லண்டனில் இம்பீரியல் கல்லூரி, பிறகு 1939-ல் டர்ஹாம் பல்கலைக்கழகம் என்று வாழ்க்கையை மறுபடி முதலிலிருந்து கட்டினார். (காஸ்மிக் கதிர் கண்டுபிடித்த ஹெஸ்ஸும் 1938-ல் அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்தார். அவர் மனைவி யூதர்.) நாமாவது வேலைக்காக வந்தோம், வருடம் ஒருமுறை பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ போய் வருகிறோம். அவர்கள் கதை வேறு.

1942-ல் பானெத்தும் அவருடன் வேலை செய்தவர்களும் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பல இரும்பு விண்கற்களின் வயதுப் பட்டியல். சில கற்கள் இளசு. சில மிக மிகக் கிழம், கிட்டத்தட்ட 700 கோடி ஆண்டுகள்! பூமிக்கே அவ்வளவு வயது கிடையாது. 1956-ல் கிளேர் பாட்டர்சன் ஈயத்தை வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டு, பூமி, விண்கற்கள் எல்லாவற்றுக்கும் சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார். ஆக, பானெத்தின் சில கற்கள் சூரியக் குடும்பத்தைவிட மூத்தவை என்று ஆகிறது. ஒன்று அவை வேறு நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லை என்றால் கணக்கில் எங்கேயோ ஓட்டை.

ஓட்டையைச் சுட்டிக்காட்டியவர் அமெரிக்காவில் இருந்த கார்ல் பாயர். 1947-ல் அவர் சொன்னது எளிமையான யோசனை. விண்கல் விண்வெளியில் மிதக்கும் காலமெல்லாம் காஸ்மிக் கதிர்கள் அதை அடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த வேகத்தில் ஒரு புரோட்டான் இரும்பு அணுவின் கருவை மோதினால் கரு உடைந்து துண்டுகள் தெறிக்கும். அந்தத் துண்டுகளில் ஹீலியமும் இருக்கும். பானெத் அளந்த ஹீலியத்தில் பெரும்பகுதி யுரேனியத்திலிருந்து வந்ததே இல்லை, வெளியிலிருந்து வந்த அடியால் உண்டானது என்றார்.

இதை எப்படிச் சோதிப்பது? இங்கேதான் இயற்கை ஒரு நல்ல சாட்சியை வைத்திருந்தது. யுரேனியம் சிதைந்தால் வருவது ஹீலியம்-4 மட்டும்தான். ஹீலியம்-3 அதிலிருந்து வரவே வராது. ஆனால் காஸ்மிக் கதிர் அடித்து உடைத்தால் இரண்டும் வரும். ஆக, விண்கல்லில் ஹீலியம்-3 இருக்கிறதா என்று பார்த்தால் போதும், வழக்கு முடிந்தது.

அந்தச் சோதனையைச் செய்தது யார் தெரியுமா? பானெத்தேதான். டர்ஹாமில் ரீஸ்பெக், மேய்ன் என்ற இருவருடன் சேர்ந்து செய்து 1952-ல் முடிவை வெளியிட்டார். நம் காற்றில் இருக்கும் ஹீலியத்தில் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு அணுதான் ஹீலியம்-3. இரும்பு விண்கற்களிலோ நூற்றுக்கு இருபது, முப்பது என்ற கணக்கில் இருந்தது! பாயர் சொன்னது சரி. பழைய வயதுப் பட்டியல் போயே போச்சு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தேன். இருபது வருடத்துக்கு மேலான உழைப்பு. நடுவில் நாடு மாறி, யுத்தம் பார்த்து, மறுபடி ஆய்வுக்கூடம் அமைத்துச் சேர்த்த எண்கள். அவை தவறு என்று காட்டக்கூடிய சோதனையைச் செய்யத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்பதால் தானே செய்தார் மனிதர். 1953-ல் ஜெர்மனிக்குத் திரும்பி மைன்ஸ் நகரின் மேக்ஸ் பிளாங்க் வேதியியல் நிலையத்துக்குத் தலைவரானார். 1958-ல் காலமானார்.

ஆனால் அந்த எண்கள் குப்பைக்குப் போகவில்லை. அவர் அளந்த ஹீலியம் பொய்யில்லை, அது வேறு ஒரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். "பிறந்து எத்தனை வருடம்?" என்று கேட்டவருக்குக் கல் "கிளம்பி எத்தனை வருடம்" என்று பதில் சொல்லியிருக்கிறது :-)

எப்படி என்று பார்ப்போம். காஸ்மிக் கதிர்கள் பாறைக்குள் ஒரு மீட்டர், கொஞ்சம் கூடுதலாகப் போகும். அதற்குமேல் போக முடியாது. ஆகவே பெரிய தாய்ப்பாறைக்குள் ஆழத்தில் இருக்கும்வரை கல்லுக்கு அடி விழாது, அம்மா முந்தானைக்குள் இருக்கிற குழந்தை மாதிரி. ஏதோ ஒரு மோதலில் தாய்ப்பாறை உடைந்து, சின்னத் துண்டாக வெளியே வந்த அன்றைக்குத்தான் கதிர் படத் தொடங்கும். உண்டியலில் முதல் காசு விழும். பூமியில் வந்து விழுந்ததும் நம் காற்றுமண்டலம் மறுபடி குடை பிடித்துவிடும். காற்றுமண்டலத்தின் எடை பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம், கதிர்கள் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். ஆக, உண்டியலில் இருப்பது பயணத்தில் சேர்ந்த காசு மட்டுமே.

மொத்தக் காசு தெரிந்தால் போதாதே, வருடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரிய வேண்டுமே? 1957-ல் பெகெமான், கைஸ், ஹெஸ் (இவர் வேறு ஹெஸ்!) மூவரும் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். காஸ்மிக் கதிர் அடியில் டிரிட்டியமும் உண்டாகிறது. அதன் அரை ஆயுள் 12 வருடம்தான். பிறகு ஹீலியம்-3 ஆக மாறிவிடும். புதிதாக விழுந்த கல்லில் டிரிட்டியத்தை அளந்தால் குழாயில் இப்போது தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று தெரியும். ஹீலியம்-3 மொத்தத்தை அளந்தால் அண்டாவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். வகுத்துப் பார்த்தால் குழாயைத் திறந்து எத்தனை நேரம் ஆச்சு என்பது வந்துவிடும். மாநகராட்சித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்கு இந்தக் கணக்கு புரியாமலா போகும்? அவர்கள் எடுத்துக்கொண்ட கல் 1948-ல் அமெரிக்காவின் கான்சாஸ் பக்கம் விழுந்த நார்ட்டன் கவுண்ட்டி. அதுவும் ஓர் ஆப்ரைட், நம்ம தியோதர் கல்லின் சாதி.

அளக்க வேண்டிய அளவு எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்கு. சாதாரணக் கல் வகை விண்கல் ஒரு கிராம், ஒரு கோடி ஆண்டுகள் விண்வெளியில் சுற்றினால் அதில் சேரும் ஹீலியம்-3, ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 60 லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கோடி வருடச் சேமிப்பு அவ்வளவுதான்! ஆனால் அணுக்களாக எண்ணினால் நான்கு லட்சம் கோடி வரும். வெற்றிடத்தில் கல்லை உருக்கி, வெளியே வரும் வாயுவைச் சுத்தம் செய்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டால் அது எடைவாரியாகப் பிரித்து எண்ணிவிடும்.

சிக்கல்களும் உண்டு. கல்லின் மேற்புறத்தில் இருந்த துண்டா, நடுவில் இருந்த துண்டா என்பதைப் பொறுத்து விழும் காசு மாறும். அதற்கு நியான்-21, நியான்-22 இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று ஊகிக்கலாம். ஹீலியம் லேசானது, கல் சூடானால் கசிந்துவிடும், நியான் அவ்வளவு எளிதில் போகாது. நியான் சொல்லும் வயதைவிட ஹீலியம் சொல்லும் வயது ரொம்பக் குறைவாக இருந்தால், இந்தக் கல் வழியில் சூரியனுக்குப் பக்கத்தில் போய் வெந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒரு சாட்சி பொய் சொன்னால் இன்னொரு சாட்சி காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அகமதாபாத்துக்கு வருவோம். பி.ஆர்.எல்.லை 1947-ல் தொடங்கியவர் விக்ரம் சாராபாய். ராக்கெட், இஸ்ரோ என்றுதான் அவரை நமக்குத் தெரியும். ஆனால் அவருடைய சொந்தத் துறை காஸ்மிக் கதிர்தான். யுத்த காலத்தில் பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் இருந்து அதைத்தான் ஆராய்ந்தார், கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் அதற்காகத்தான். பி.ஆர்.எல்.லின் முதல் இயக்குநர் யார் என்றால் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம்: பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன், ராமனின் மாணவர். நம்மளுக்கு முன்னாடியே வந்து இடம் பிடித்து வைத்திருக்கிறார்!

1972-ல் தேவேந்திர லால் இயக்குநராக வந்தார். காசியில் பிறந்து பம்பாய் டாட்டா நிலையத்தில் காஸ்மிக் கதிர் ஆராய்ந்தவர். கதிர்கள் கல்லில் விடும் தடயங்களைப் படிப்பதில் உலகப் பெயர் பெற்றவர். அவர் இருக்கும்போதே அதிர்ஷ்டம் வாசலுக்கு வந்தது. 1976 ஜனவரி 28 இரவு, சௌராஷ்டிரத்தின் தஜாலா கிராமத்தைச் சுற்றிக் கல்மழை. சுமார் 45 கிலோ சேர்ந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பகல் பயண தூரத்தில், புத்தம் புதிதாக! பி.ஆர்.எல். ஆட்கள் அதன் மந்த வாயுக்களையும், கதிர்கள் படிகங்களில் விட்ட நுண்தழும்புகளையும் ஆராய்ந்தார்கள். பயணம் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகள் என்று தெரிந்தது. நாம் கையில் எடுத்தது மிச்சம்தான், பெரும்பகுதி காற்றிலேயே எரிந்து போயிருக்கிறது என்பதையும் தழும்புகள் சொல்லின.

அந்த 70 லட்சம் சும்மா ஓர் எண் இல்லை. தஜாலா 'எச்' வகைக் கல். உலகம் முழுக்கக் கிடைத்த 'எச்' வகைக் கற்களில் கணிசமானவை 70, 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பியவை. ஒரே பெரிய மோதலில் மொத்தமாகப் புறப்பட்ட கூட்டம். ஒரு கிராமமே ஒரே வருடத்தில் திருப்பூருக்கோ சூரத்துக்கோ கிளம்பிப் போவதில்லையா, அது மாதிரி.

இன்னொரு இந்தியக் கல் இதைவிடப் புகழ் பெற்றது. 1865 ஆகஸ்ட் 25 காலை பீகாரில் கயா பக்கம் ஷெர்காட்டியில் விழுந்த ஐந்து கிலோ கல். நூறு வருடத்துக்கு மேல் அது ஒரு விசித்திரமான கல் என்று மட்டும்தான் தெரியும். 1983-ல் அதே வகையைச் சேர்ந்த, அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு கல்லில் சிறைப்பட்டிருந்த மந்த வாயுக்களை போகார்ட், ஜான்சன் என்ற இருவர் அளந்தார்கள். 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றோடு அது பொருந்தியது. ஆக, ஷெர்காட்டிக் கல்லும் செவ்வாய் மண்! காஸ்மிக் கதிர் கணக்குப்படி அது செவ்வாயை விட்டுக் கிளம்பி ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகள். 1911-ல் எகிப்தில் விழுந்த நக்லாவும் 1815-ல் பிரான்சில் விழுந்த சாசிஞ்யியும் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செவ்வாயை விட்டவை. ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருவர் 1815-ல் இறங்க, இன்னொருவர் 1911-ல் இறங்கியிருக்கிறார்.

சுவீடனில் இன்னும் அழகான சான்று. அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் விழுந்து புதைந்த விண்கற்கள் கிடைக்கின்றன. 2004-ல் அவற்றின் நியானை அளந்தார்கள். அடியடுக்கில் இருந்தவை கிளம்பி 1 லட்சம் ஆண்டுகளில் வந்து சேர்ந்தவை. மேலே போகப் போகப் பயணக்காலம் கூடி 10 லட்சத்தைத் தாண்டுகிறது. சரிதானே? எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பின. முதலில் வந்தவை அடியில் படுத்துவிட்டன, தாமதமாக வந்தவை மேலே.

பொதுவாகக் கல் வகைகளின் பயணம் 10 கோடி ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். இரும்பு வகைகள் பல கோடி ஆண்டுகள், சில 100 கோடி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். உறுதியானவை இல்லையா.

கடைசியாக ஒன்று. 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதற்குள் சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு நட்சத்திரங்கள் உமிழ்ந்த சிலிக்கன் கார்பைடு துகள்கள், கண்ணுக்கே தெரியாத மணல்கள், இருக்கின்றன. கல்லுக்குள் அடைபடுவதற்கு முன் அவை விண்வெளியில் தனியாக மிதந்தபோது காஸ்மிக் கதிர் பட்டு அவற்றில் நியான்-21 சேர்ந்திருக்கிறது. 2020-ல் இப்படி 40 துகள்களின் கணக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலானவை சூரியக் குடும்பத்தைவிட 30 கோடி ஆண்டுகளுக்குள்தான் மூத்தவை. ஆனால் மிகப் பழையவற்றின் வயது 700 கோடி ஆண்டுகள் வரை போகிறது.

எண்ணைக் கவனித்தீர்களா? 1942-ல் பானெத்தின் பட்டியலில் வந்து, பின் தள்ளுபடியான அதே 700 கோடி. அன்று காஸ்மிக் கதிர் உண்டாக்கிய வாயு வயதைக் குழப்பியதால் வந்த எண். இன்று அதே வகை வாயுவைச் சரியாகப் படித்ததால் வந்த எண். அந்த இரும்புக் கற்கள் அவ்வளவு மூத்தவை இல்லை. ஆனால் சூரியனைவிட மூத்த பொருள் பூமியில் விழுந்து கிடக்கலாம் என்பது உண்மையாகிவிட்டது. தன் கணக்கைத் தானே சரிபார்த்துத் தள்ளிய அந்த மனிதர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அப்படியே, உங்கள் பக்கம் எங்காவது வானத்திலிருந்து கல் விழுந்தால் தயவுசெய்து குங்குமம் வைத்துப் பூஜை அறையில் வைக்காதீர்கள், கழுவவும் செய்யாதீர்கள். அதில் உண்டாகும் சில கதிரியக்க அணுக்கள் சில வாரங்களில், சில வருடங்களில் கரைந்துவிடும். சுத்தமான பையில் போட்டு உடனே விவரம் தெரிந்தவர்களிடம் சேர்த்துவிடுங்கள். அது எத்தனையோ லட்சம் வருடம் நடந்து வந்த கணக்கை ஒன்று விடாமல் எழுதிக் கொண்டுவந்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் வேண்டும்.